அஞ்சு பாட்டில், அஞ்சும் மிளகு மாதிரி உருண்டை, லேபிள் போயிடுச்சு - எது எதுன்னு சொல்லுங்களேன்

லேபிள்_தொலைச்சவ:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சுட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா கேள்வி போடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

என் ஃப்ரெண்ட் ஒருத்திக்கு கப்பல்ல வேலை. போற எடத்துல எல்லாம் விதை, காய், பட்டைன்னு எதையாவது சேத்துட்டு வர்ற பழக்கம் அவளுக்கு. போன தடவை வந்தப்ப ஒரு மரப்பெட்டில அஞ்சு குட்டி கண்ணாடி பாட்டில் குடுத்துட்டு போனா, "எல்லாமே வாசனை பெர்ரி, சிலது புதர்ல காய்க்கிறது சிலது மரத்துல காய்க்கிறது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கு, அடுத்த தடவை உக்காந்து சொல்றேன்"னு. நான் பெட்டியை சிங்க் பக்கத்துல வெச்சேன். பேப்பர் லேபிள், இங்க் பேனா எழுத்து. மீதி உங்களுக்கே புரிஞ்சிருக்கும். அவ இப்ப நடுக்கடல்ல இருக்கா, மெசேஜ் போட்டு பத்து நாளாச்சு, ஒத்தை டிக்லயே நிக்குது.

நான் மோந்து பாத்து உருட்டி பாத்து எழுதி வெச்சது இதுதான். முதல் பாட்டில்ல இருக்கறது காபி கலர், மிளகை விட கொஞ்சம் பெருசு, மேல சொரசொரப்பு, காதுகிட்ட வெச்சு ஆட்டினா உள்ள எதுவோ கிலுகிலுங்குது, கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் ஒண்ணா அரைச்ச மாதிரி வாசனை. ரெண்டாவது கருநீலம், சுருங்கியிருக்கு, அமுக்கினா லேசா உள்ள போகுது, உச்சில மூணு கோடு சேர்ற மாதிரி ஒரு தழும்பு, வாசனை அப்படியே பைன் மரம், வார்னிஷ் அடிச்ச ரூம் மாதிரின்னும் சொல்லலாம். மூணாவது பாக்கவே அழகா பிங்க் கலர், ரெண்டு விரல்ல நசுக்கினாலே பேப்பர் மாதிரி நொறுங்கிடுது. நாலாவது செங்காவி கலர்ல வாயப் பொளந்துட்டு இருக்கு, பாட்டில் அடில பளபளன்னு கறுப்பு விதை கொட்டிக் கெடக்கு, எலுமிச்சை தோல் வாசனை, ஒண்ணை வாயில போட்டேன் நாக்கு செத்துப்போச்சு (இப்ப சரியாயிடுச்சு). அஞ்சாவதுதான் எனக்கு புரியவே இல்ல. ரொம்ப சின்னது, சாம்பல் பூசின மாதிரி வெள்ளையா நீலமான்னு சொல்ல முடியாத ஒரு கலர், மேல முத்து முத்தா பொருக்கு, கையில எடுத்தா பிசுக்குன்னு ஒட்டுது.

எது எது? எதை சாப்பிடலாம், எதை சாப்பிடக்கூடாது? அந்தந்த ஊர்ல அந்தக் காலத்துல எதுக்கு வெச்சிருந்தாங்க? கதை தெரிஞ்சவங்க கதையையும் சேத்து சொல்லுங்க, அவ வர்றதுக்குள்ள தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அவளையே அசத்தணும்.


சும்மா_எட்டிப்பார்த்தேன்:

இவ்ளோ யோசிக்கவே வேணாம் சிஸ், அஞ்சும் மிளகுதான். கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு, பச்சை மிளகு எல்லாம் ஒரே கொடில வர்றதுதானே, அதே மாதிரி இதுவும் வெரைட்டி. நாலாவது முத்திப்போய் வெடிச்ச மிளகு. அஞ்சாவது பூஞ்சை புடிச்சது, மத்ததுக்கும் பரவறதுக்குள்ள தூக்கிப் போடுங்க.


வேர்விட்டவன்:

எட்டிப்பார்த்த நண்பரே, எட்டிப் பாத்ததோட போயிருக்கலாம் 😄 அஞ்சாவதை யாரும் தூக்கிப் போட வேணாம், அது என்னன்னு எனக்கும் பிடிபடல, ஆனா பூஞ்சை எல்லா காய்லயும் ஒரே சீரா முத்து முத்தா படியாது.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். மிளகு கொடில காய்க்கிறது. உங்க பாட்டில்ல நான் அடையாளம் கண்டுபிடிச்ச நாலுல ஒண்ணுகூட கொடி கிடையாது, மிளகுக்கு சொந்தமும் கிடையாது, அதுங்களுக்குள்ளயும் ரெண்டு ஒரே குடும்பத்துல கிடையாது. அப்புறம் ஏன் பாதிக்கு மேல "பெப்பர்"னு பேர் இருக்குன்னா, மிளகைத் தேடி கப்பல் ஏறினவங்க கைக்கு உருண்டையா காரமா வாசனையா என்ன கெடைச்சாலும் அந்தப் பேரையே வெச்சுட்டாங்க, அவ்ளோதான்.

உங்க முதல் பாட்டில் அப்படி பேர் வாங்கினதுதான். அது ஆல்ஸ்பைஸ், சர்வசுகந்தின்னும் சொல்வாங்க. கரீபியன் தீவுகள், தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம். ஸ்பானியர்கள் அங்க போனப்ப இதைப் பாத்துட்டு மிளகுன்னு நெனச்சு அவங்க பாஷைல மிளகுக்கு உள்ள "பிமியன்டா"ங்கற பேரையே வெச்சாங்க, அது தேஞ்சு பிமென்டோ ஆச்சு, ஜமைக்கால இன்னிக்கும் அந்தப் பேர்தான். நெஜத்துல இது கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் இருக்கற குடும்பம், அதனாலதான் உங்களுக்கு கிராம்பு வாசனை அடிச்சுது, ரெண்டுலயும் யூஜினால்னு ஒரே எண்ணெய்தான் தூக்கலா இருக்கு. நாலு மசாலா கலந்து அரைச்சதுன்னு நெனைக்கறவங்க இன்னும் இருக்காங்க, ஒத்தை மரத்தோட ஒத்தை காய்தான் இது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் பறிக்கற நேரம். காய் முழு சைஸுக்கு வந்திருக்கணும், ஆனா பச்சையாவே இருக்கணும், அப்பதான் பறிச்சு வெயில்ல காய வெப்பாங்க. பழுத்து கருஞ்செவப்பா ஆகற வரைக்கும் விட்டா பறவைக்கு கொண்டாட்டம், நமக்கு வாசனை போச்சு. நல்லா காஞ்சுதான்னு எப்படி பாக்கறாங்கன்னா ஒரு கை அள்ளி குலுக்கிப் பாப்பாங்க, உள்ள விதை கிலுகிலுன்னு சத்தம் போட்டா சரி. நீங்க காதுகிட்ட வெச்சு ஆட்டினீங்க பாருங்க, அதே டெஸ்ட்தான், தெரியாமலே பண்ணிட்டீங்க. காய் மட்டும் இல்ல, ஜமைக்காவோட ஜெர்க் கறிக்கு இந்தக் காயை அரைச்சு தடவி இந்த மரக்கட்டையோட பொகையிலயே சுடுவாங்க, அடிமைத்தனத்துலேர்ந்து தப்பிச்சு மலைக்கு ஓடின மரூன் மக்கள்கிட்டேர்ந்து வந்த சமையல் அது. இதே ஜாதில இன்னொரு மரம் இருக்கு, அதோட இலையை ரம்மோட சேத்து காய்ச்சி வடிச்சதுதான் பழைய சலூன்கள்ல ஷேவிங் முடிஞ்சதும் தடவற பே ரம்.

ரெண்டாவது பாட்டில் ஜூனிபர், சந்தேகமே வேணாம், அந்த மூணு கோடு தழும்பு ஒண்ணே போதும். பேர்தான் ஜூனிபர் பெர்ரி, ஆனா அது பெர்ரியே இல்லைங்க. பைன் மரத்துல கூம்பு காய்க்கும்ல, ஜூனிபர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அதோட கூம்புல செதில் எல்லாம் சதைப்பத்தா பெருத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டையா ஆயிடுது. உச்சில நீங்க பாத்தது மூணு செதில் ஒட்டின தையல். ஒரு காய் பச்சையிலேர்ந்து நீலமாக ஒண்ணரை வருஷத்துக்கும் மேல ஆகும், அதனால ஒரே செடில இந்த வருஷத்து பச்சைக் காயும் பழைய நீலக் காயும் பக்கத்து பக்கத்துல நிக்கும். இலை வேற ஊசி ஊசியா குத்தும். பறிக்கறவங்க அடில கூடையோ துணியோ வெச்சுட்டு கிளையை குச்சியால தட்டுவாங்க, பழுத்தது மட்டும் உதிரும், பச்சை அப்படியே மேல நிக்கும், அடுத்த வருஷத்துக்கு.

ஜின்ங்கற பேரே ஜூனிபர்லேர்ந்து வந்ததுதான், டச்சுல யெனெவர், அதை வெட்டி சுருக்கினா ஜின். ஜூனிபர் இல்லாம ஜின் கிடையாது. ஜெர்மனி பக்கம் புளிக்க வெச்ச முட்டைகோஸ்லயும் காட்டு விலங்கு கறியிலயும் நாலு காயை நசுக்கிப் போடுவாங்க, பின்லாந்துல சாஹ்தின்னு ஒரு பழைய நாட்டு பீர், அதை வடிகட்டறதே ஜூனிபர் கிளையைப் பரப்பி அது மேல ஊத்தித்தான். பொகை போடறதும் ரொம்ப பழசு. ஐரோப்பால கொள்ளைநோய் காலத்துல காத்தை சுத்தம் பண்றோம்னு ஜூனிபரை எரிச்சாங்க, ஸ்காட்லாந்து மலைப்பகுதில வருஷப்பொறப்பு அன்னிக்கு வீட்டையும் மாட்டுக் கொட்டாயையும் மூடிட்டு மூச்சு முட்டற அளவுக்கு பொகை போட்டுட்டு அப்புறம் கதவைத் தொறந்து விடுவாங்க, திபெத், லடாக் பக்கம் இப்பவும் ஜூனிபர் தழையைத்தான் சாம்பிராணி மாதிரி பொகைக்கறாங்க. ஒண்ணுக்கொண்ணு தொடர்பே இல்லாத ஊர்க்காரங்க எல்லாரும் இந்தச் செடியைப் பாத்ததும் கொளுத்தணும்னு எப்படித்தான் தோணிச்சோ.

ஒரு எச்சரிக்கை. ஜூனிபர்ல நெறைய ஜாதி இருக்கு, சவின்னு ஒண்ணு நல்ல விஷம். பாட்டில்ல வந்தது பரவால்ல, ஆனா எங்கயாவது பார்க்ல அலங்காரத்துக்கு வெச்ச புதர்ல நீலமா காய் பாத்துட்டு பறிச்சு வாயில போட்டுறாதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க, கிட்னி பிரச்சனை உள்ளவங்க மருந்துன்னு நெனச்சு நல்ல ஜூனிபரைக்கூட சாப்பிட வேணாம்.

மூணு பிங்க் பெப்பர், நாலு சிச்சுவான் பெப்பர், ரெண்டுக்கும் சமையல் தெரிஞ்சவங்க யாராவது வாங்க, எனக்கு செடி மட்டும்தான் தெரியும், அடுப்பு பக்கம் போனா திட்டு விழும்.


தாளிப்பு_தர்மா:

கூப்ட்டீங்க வந்துட்டேன்.

நாலாவது சிச்சுவான் பெப்பரேதான். முக்கியமான விஷயம், அந்த பளபள கறுப்பு விதையை பாத்ததும் "ஆஹா மிளகு"ன்னு எடுத்து அரைச்சுடாதீங்க, நான் முதல் தடவை பண்ண வேலை அது, தோலைத் தூக்கிப் போட்டுட்டு விதையை அரைச்சேன், மணலை மென்ன மாதிரி இருந்துச்சு, வாசனையும் இல்ல ஒண்ணும் இல்ல. வாசனை, காரம், மரமரப்பு மொத்தமும் அந்த வாய் பொளந்த தோல்லதான். விதை, காம்பு, நடுவுல முள்ளு இருந்தா அதையும் பொறுக்கி எறிஞ்சுட்டு, தோலை மட்டும் வெறும் சட்டில மிதமான தீயில வாசனை வர்ற வரைக்கும் வறுத்து, ஆற விட்டு பொடிச்சு சலிச்சுக்கணும். தீ கூடிப்போனா கசந்துரும்.

நாக்கு செத்துப்போச்சுன்னு பயந்துட்டீங்க, சீனால அதுக்குன்னுதான் அதை சாப்பிடறாங்க. மரமரப்புக்கு "மா", காரத்துக்கு "லா", ரெண்டும் சேந்து "மாலா", சிச்சுவான் சமையலோட உயிரே அதுதான். இது எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பம், அதான் எலுமிச்சை தோல் வாசனை. ஜப்பான்ல இதோட தங்கச்சி ஒண்ணு, சான்ஷோ, வெலாங்கு மீனை சுட்டு மேல அந்தப் பொடியைத் தூவுவாங்க, அந்த மரக்கட்டையிலதான் நல்ல மத்து செய்வாங்க. நேபாளத்துல திமூர்.

பிங்க் பெப்பரை மில்லுல போட்டு சுத்தாதீங்க, தோல் மெல்லிசு உள்ள ஒட்டி மில்லே அடைச்சுக்கும். விரலால நசுக்கி கடைசில மேல தூவினா போதும், பாதி அழகுக்குத்தான்.


கண்ணாடிக்குடுவை:

தர்மா சொன்னதுல கொஞ்சம் சேத்துக்கறேன். அந்த மரமரப்பு காரமும் இல்ல, மரத்துப்போறதும் இல்ல, நாக்குல தொடு உணர்ச்சி நரம்பை ஏமாத்தற வேலை. சான்ஷூல்னு ஒரு பொருள்தான் அதைப் பண்ணுது. 2013ல லண்டன்ல ஒரு சோதனை நடந்துச்சு, ஆட்களோட உதட்டுல இதைத் தடவிட்டு விரல்ல ஒரு அதிர்வு குடுத்து ரெண்டும் எப்ப ஒரே வேகமா தெரியுதுன்னு கேட்டாங்க, கிட்டத்தட்ட 50 ஹெர்ட்ஸ்னு வந்துச்சு. அதாவது ஒண்ணுமே அசையல, ஆனா உதடு நொடிக்கு 50 தடவை துடிக்கற மாதிரி மூளைக்கு தோணுது. இதே ஜாதி மரம் வட அமெரிக்கால இருக்கு, அதுக்கு பேரே பல்வலி மரம், பட்டையை மென்னு பல்லுக்கடில வெச்சுப்பாங்க. இமயமலை பக்கத்துல இதே குச்சியில பல் தேய்ப்பாங்க. சான்ஷூல்னா என்னன்னு தெரியாமலே ரெண்டு பக்கத்து மக்களும் ஒரே எடத்துக்கு வந்து சேந்திருக்காங்க.

எலுமிச்சை சொந்தம்ங்கறதால இதுக்கு ஒரு வம்பும் வந்துச்சு, சிட்ரஸ் மரங்களுக்கு வர்ற கேங்கர் நோயைக் கொண்டு வந்துரும்னு அமெரிக்கால 1968லேர்ந்து 2005 வரைக்கும் இறக்குமதிக்கு தடை. அப்புறம் சூடு காட்டி கிருமியைக் கொன்னுட்டு கொண்டு வரலாம்னு விட்டாங்க.

ஆனா நான் எழுத வந்தது மூணாவது பாட்டிலுக்காக. லேபிள்_தொலைச்சவ மேடம், உங்க வீட்ல யாருக்காவது முந்திரி, பிஸ்தா அலர்ஜி இருக்கா? பிங்க் பெப்பர் மிளகு இல்ல, மா, முந்திரி குடும்பத்து மரம். முந்திரி ஒத்துக்காதவங்களுக்கு இதுவும் ஒத்துக்காம போகலாம். மிளகுன்னு பேர் இருக்கறதால ஓட்டல்ல கேட்டாகூட யாருக்கும் தோணாது. அந்தப் பேர் வெறும் தமாஷ் இல்லைங்க, சில சமயம் ஆபத்து.


லேபிள்_தொலைச்சவ:

ஐயோ. எங்க வீட்டுக்காரருக்கு முந்திரி பட்டாலே உதடு வீங்கிடும்!! நேத்து ராத்திரிகூட அந்த பிங்க்கைப் பாத்துட்டு நாளைக்கு சாலட்ல தூவலாமான்னு கேட்டார், நான்தான் என்னன்னு தெரியாம வேணாம்னு சொன்னேன். கண்ணாடிக்குடுவை, நீங்க யாரா இருந்தாலும் ரொம்ப ரொம்ப நன்றி. அந்த பாட்டிலை இப்பவே தனியா கட்டி மேல் ஷெல்ஃப்ல வெச்சாச்சு, பெயின்ட் மார்க்கர்ல பெருசா எழுதி (இந்த தடவை தண்ணி பட்டாலும் போகாது).

தர்மா அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே விதை எல்லாம் பொறுக்கினேன், பாட்டில்ல பாதி விதைதான் இருந்துச்சு.

ஆனா பிங்க் பெப்பரோட கதை யாரும் சொல்லலையே? அதுக்கு கதை எதுவும் இல்லையா?


வேர்விட்டவன்:

இருக்கு இருக்கு. கடைல வர்ற பிங்க் பெப்பர் பெரும்பாலும் பிரேசில் மரம், அதோட அக்கா ஒண்ணு பெருல இருக்கு, மோயேன்னு கூப்பிடுவாங்க, கிளை எல்லாம் முடியை விரிச்சுப் போட்ட மாதிரி தொங்கும். அதோட காயைத் தண்ணில ஊறப்போட்டா மேல் தோல்ல இருக்கற இனிப்பு எறங்கும், அந்தத் தண்ணியைப் புளிக்க வெச்சா சிச்சா. இன்கா காலத்துக்கு முன்னாடி ஆண்ட வாரி மக்கள், செர்ரோ பவுல்னு ஒரு செங்குத்தான மேஜை மாதிரி மலை உச்சில பெரிய மது காய்ச்சற கூடமே கட்டி வெச்சிருந்தாங்க, கிட்டத்தட்ட 1000 வருஷத்துக்கு முன்னாடி, அகழாய்வுல பெரிய பெரிய பானை வெச்ச எடமும் இந்த மோயே விதையும் கெடைச்சிருக்கு. அந்த மலைக்கு தண்ணியையே கீழேர்ந்து சுமந்துதான் கொண்டு போகணும், அங்க போயி மது காய்ச்சியிருக்காங்க பாருங்க. தங்கச்சி மரத்தை அழகுக்குன்னு புளோரிடாவுக்கு கொண்டு போயி நட்டாங்க, அது அங்க இருக்கற காட்டையே அமுக்கிடுச்சு, இப்ப அதைப் புடுங்கறதே வேலையா இருக்காங்க.


சும்மா_எட்டிப்பார்த்தேன்:

சரி சரி தோத்துட்டேன், மிளகு இல்ல, ஒத்துக்கறேன். அப்ப இதை எல்லாம் மண்ணுல போட்டா மொளைக்குமா? ரெண்டு மூணு தொட்டி சும்மாதான் இருக்கு. அப்புறம் எங்க ஆபீஸ்ல யாரோ பே லீஃப் செடி வெச்சிருக்காங்க, ஆறு வருஷமா இருக்கு, ஒரு காய் காச்சதில்ல, அதுவும் இந்த ஜாதிதானா?


வேர்விட்டவன்:

மொளைக்காதுன்னே வெச்சுக்கோங்க. ஆல்ஸ்பைஸ் விதை மரத்துலேர்ந்து எடுத்த உடனே போட்டாத்தான் உண்டு, இது பச்சையில பறிச்சு காய வெச்சது, உயிர் எப்பவோ போயிருக்கும். ஜூனிபர் விதை குளிர்காலத்தைத் தாண்டினாத்தான் கண் முழிக்கும், அதுவும் முதல் வருஷமே வரும்னு சொல்ல முடியாது. சிச்சுவான் விதையைக் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாக்கலாம், தோல்தான் எண்ணெய்ப் பசையா ரொம்ப கெட்டியா இருக்கும்.

ஆபீஸ் செடி விஷயம் சுவாரஸ்யமான கேள்வி. லாரல்தானே அது, மத்தியதரைக்கடல் மரம். அதுல ஆண் செடி வேற பெண் செடி வேற. பெண்ணா இருந்து பக்கத்துல ஆண் இருந்தாத்தான் கறுப்பா காய் வரும், உங்களோடது ஆணா இருக்கலாம், இல்ல துணை இல்லாத பெண்ணா இருக்கலாம். ஜூனிபரும் அப்படித்தான். ஆல்ஸ்பைஸ் கூட நடைமுறைல அப்படித்தான், பூ ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனா சில மரம் ஜென்மத்துக்கும் காய்க்காது. இது தெரியாம வருஷக்கணக்குல உரம் போட்டுட்டு காத்துட்டு இருக்கறவங்க நெறைய பேர்.

லாரல் காய் சமையலுக்கு அவ்ளோவா வராது, அது சோப்புக்கு. சிரியால அலெப்போ சோப்புன்னு உண்டு, ஆலிவ் எண்ணெயோட லாரல் காய் எண்ணெயைச் சேத்து பெரிய கொப்பரைல நாள் கணக்கா காய்ச்சி, பாயை விரிச்ச மாதிரி தரைல ஊத்தி, ஆறினதும் கட்டி கட்டியா வெட்டி, கோபுரம் மாதிரி காத்து போக அடுக்கி மாசக்கணக்குல காய விடுவாங்க. வெளில பழுப்பாயிடும், வெட்டினா உள்ள பச்சை. காய் எண்ணெய் எடுக்கறதும் எளிமைதான், காயை தண்ணில போட்டு கொதிக்க விட்டு மேல மெதக்கற எண்ணெயை வழிச்சு எடுக்கறது. 2024ல இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க.

பேர் கதையில இன்னொண்ணு விட்டுப்போச்சு, மர்ட்டில். கொய்யா, கிராம்பு குடும்பத்துக்கே பேர் குடுத்த புதர் அதுதான், கருநீலமா காய், சார்டினியா தீவுல அதை மதுவுல ஊறப்போட்டு மிர்ட்டோன்னு குடிக்கறாங்க. ரோம்ல மிளகு வர்றதுக்கு முன்னாடி அந்த எடத்துல மர்ட்டில் காயைத்தான் போட்டுட்டு இருந்தாங்கன்னு முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளைனி எழுதி வெச்சிருக்கார். எல்லாரும் மிளகுக்கு மாத்து தேடி அலைஞ்சாங்கன்னு நெனைக்கறோம், அங்க மிளகே இன்னொண்ணுக்கு மாத்தாத்தான் வந்திருக்கு!


அலையோரம்:

அஞ்சாவது பாட்டிலை யாரும் கண்டுக்காம போறீங்களே. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அந்த பிசுக்கு எண்ணெய் மாதிரி இருக்கா மெழுகு மாதிரி இருக்கா? நகத்தால சுரண்டினா பொடியா வருதா சுருளா வருதா?


லேபிள்_தொலைச்சவ:

இருங்க பாக்கறேன்... சுருளா வருது! சோப்பை சுரண்டின மாதிரி. வாசனை லேசா இருக்கு, பே லீஃப் மாதிரி கொஞ்சம், மெழுகுவத்தி மாதிரி கொஞ்சம். சுரண்டினா அடில கறுப்பா கல்லு மாதிரி கெட்டியா ஒரு கொட்டை.


அலையோரம்:

நெனச்சேன். அது பேபெர்ரி, சாப்பிடறதுக்கு இல்ல, வெளக்கேத்தறதுக்கு. வட அமெரிக்கா கிழக்கு கடற்கரைல மணல் மேட்டுல வளர்ற புதர். மணல்ல சத்தே இருக்காது, இதோட வேர்ல நுண்ணுயிர் ஒட்டிக்கிட்டு காத்துலேர்ந்து நைட்ரஜனை எடுத்துக் குடுக்கும், அதனால மத்தது வராத எடத்துலயும் தழைச்சு நிக்கும். காய் கொட்டை மிளகைவிட சின்னது, அது மேல செடியே மெழுகு பூசி வெச்சிருக்கும், நீங்க பொருக்குன்னு சொன்னது அதுதான். கெமிஸ்ட்ரி கணக்குல அது மெழுகுகூட இல்ல, கொழுப்பு, ஆனா பாக்க தொட எல்லாம் மெழுகுதான்.

அங்க குடியேறின ஐரோப்பியர்களுக்கு வெளக்குக்கு கெடைச்சது மாட்டுக் கொழுப்பு, பொகையும் நாத்தமும் தாங்காது, கோடையில வளைஞ்சு தொங்கும். இந்தக் காயைக் கொப்பரைல போட்டு கொதிக்க வெச்சு, மேல மெதக்கற மெழுகை வழிச்சு எடுத்து, திரியை முக்கி முக்கி எடுத்து வத்தி செஞ்சாங்க (மேல லாரல் எண்ணெய் எடுக்கறதா சொன்னாரே அதே டெக்னிக், கடலுக்கு அந்தப் பக்கம்). வெயிலுக்கு வளையாது, நாத்தம் கிடையாது. 1705ல வர்ஜீனியா பத்தி எழுதின ராபர்ட் பெவர்லி சொல்றார், இந்த வத்தி அணையறப்ப வர்ற வாசனைக்காகவே நாசூக்கான ஆளுங்க வேணும்னே ஊதி அணைப்பாங்களாம்.

ஆனா காய் மலையா பறிச்சாத்தான் கை அளவு மெழுகு வரும். அதனால மொத ஆளா பறிச்சுடணும்னு எல்லாரும் பழுக்கறதுக்கு முன்னாடியே மொட்டையடிக்க ஆரம்பிச்சிருக்காங்க. லாங் ஐலண்ட்ல புரூக்ஹேவன்ங்கற ஊர்ல 1687ல சட்டமே போட்டாங்க, செப்டம்பர் 15க்கு முன்னாடி யாரும் பேபெர்ரி பறிக்கக்கூடாது, பறிச்சா 15 ஷில்லிங் அபராதம்.

இந்த மெழுகை ஜீரணிக்கற பறவைங்க ரொம்ப கம்மி. யெல்லோ ரம்ப்ட் வார்ப்ளர்னு ஒரு குருவி அதுக்குன்னே வயித்தை தயார் பண்ணி வெச்சிருக்கு, கூட்டாளிங்க எல்லாம் பூச்சி கெடைக்காம தெக்கால பறந்து போறப்ப இது மட்டும் மெழுகைத் தின்னுட்டு குளிர்லயே தாக்குப்பிடிக்கும்.

உறுதி பண்ணணும்னா ஒரு பழைய பாத்திரத்துல தண்ணி நல்லா சுட வெச்சு ஒரு ஸ்பூன் காயைப் போட்டு பாருங்க. சமையல் பாத்திரம் வேணாம், அப்புறம் தேய்ச்சு மாளாது.


கண்ணாடிக்குடுவை:

அலையோரம் சொன்னது சரியா இருந்தா தண்ணி கொதிக்கக்கூட வேணாம், அந்த மெழுகு 50 டிகிரிக்கு பக்கத்துலயே உருகிடும். மூடி போடாம பண்ணுங்க, அடுப்பு பக்கத்துலயே நில்லுங்க, கொழுப்பு அது.


தாளிப்பு_தர்மா:

நல்லவேளை நான் அஞ்சாவதை பத்தி வாயத் தொறக்கல, வால்மிளகா இருக்குமோன்னு சொல்ல வந்தேன். வால்மிளகுக்கு காம்பு வால் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், அதைக் கேட்டுட்டு சொல்லலாம்னு இருந்தேன்.


லேபிள்_தொலைச்சவ:

பண்ணிட்டேன்!! பழைய பால் காய்ச்சற தகர டப்பா ஒண்ணு இருந்துச்சு, அதுல தண்ணி சுட வெச்சு ரெண்டு ஸ்பூன் போட்டேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் ஆகல, அப்புறம் காய் ஒவ்வொண்ணா கறுத்துக்கிட்டே வந்துச்சு, மேல சின்ன சின்னதா பளபளன்னு வட்டம் வட்டமா மெதக்க ஆரம்பிச்சுது. இறக்கி வெச்சு ஆறினதும் மேல ஏடு மாதிரி ஒண்ணு கட்டி நின்னுச்சு, லேசான பச்சை கலர். மொத்தமா வழிச்சா என் சுண்டுவிரல் நகம் அளவு. ரெண்டு ஸ்பூனுக்கு அவ்ளோதான், அந்த 15 ஷில்லிங் அபராதம் ஏன்னு இப்ப புரியுது.

ஒரு நூல்துண்டை அதுல தோச்சு கொளுத்தினேன், அரை நிமிஷம்கூட எரியல. வீட்டுக்காரர் வந்து என்ன பண்றேன்னு பாத்துட்டு, அவரே குனிஞ்சு ஊதி அணைச்சார், அணைச்சுட்டு "இன்னொரு தடவை கொளுத்து"ன்னார்.


சும்மா_எட்டிப்பார்த்தேன்:

தூக்கிப் போடச் சொன்னவன் நான். இந்த கமெண்ட்டை யாரும் மேல போயி படிக்க வேணாம்.


லேபிள்_தொலைச்சவ:

எடிட்: இப்பதான் அவகிட்டேர்ந்து மெசேஜ் வந்துச்சு, எங்கயோ துறைமுகத்துல நின்னிருக்காங்களாம். லேபிள் போனதைப் பத்தி நான் மூச்சே விடல. "பிங்க் பாட்டிலை மட்டும் உங்க வீட்டுக்காரர் கண்ணுல காட்டாதே, போன தடவை சொல்ல மறந்துட்டேன்"னு அனுப்பியிருக்கா. தெரியும்டின்னு ரிப்ளை பண்ணேன், எப்படி தெரியும்னு கேட்டுட்டு இருக்கா.